உட்கார ஒரு ஸ்டூல்!

வணிகச் சகோதரர்களே!

செங்கல்பட்டு கடைத்தெருவில் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நிற்கத் தொடங்கும் பையன், இரவு ஷட்டரை இறக்கும்வரை நின்றுகொண்டே இருக்கிறான். மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளை நம்பியுள்ள கடைகளிலும் இதே நிலைதான். விடுமுறை நாளில் ஊருக்கெல்லாம் ஓய்வு. அவனுக்கோ இரட்டிப்பு வேலை. தொழுகைக்கு அனுப்புகிறோம் என்று பெருமைப்படுகிறோம். நாள் முழுவதும் அவன் கால் மடக்கி அமர்வது அந்தத் தொழுகையின் இருப்பில் மட்டும்தானே!

மாலையில் கணக்கில் பிழை வருகிறது. வாடிக்கையாளரிடம் எரிந்து விழுகிறான். உடனே நாலு பேர் முன்னிலையில் 'சோம்பேறி' என்று ஏசுகிறோம். கால் கடுத்து, மனம் நொந்து நிற்பவனுக்குக் கவனம் எங்கிருந்து வரும்? நஷ்டம் அவனுக்கு மட்டுமா? நம் கல்லாவுக்கும்தான்!

கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி, 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழக சட்டமன்றத்தில் 2021 செப்டம்பரில் அதே திருத்தம் வந்தது. கடை ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி இன்று சட்டப்படி கட்டாயம். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, நான்கு மணி நேரத்துக்குப் பின் ஒரு மணி நேர இடைவேளை, வாரம் ஒரு நாள் விடுமுறை ஆகியவை 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளன. நம் கடைகளில் இவை இருக்கின்றனவா?

சட்டத்துக்கு முன்பே மார்க்கம் சொல்லிவிட்டது. பணியாளர்களைச் சகோதரர்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். சக்திக்கு மீறிய சுமையை அவர்கள்மீது ஏற்றுவதைத் தடுத்தார்கள். 2007-ல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு பெற்ற சமுதாயம் நாம். அரசிடம் இடம் கேட்கும் நாம், நம் கடைப் பையனுக்கு ஒரு ஸ்டூல் இடம் தர மறுக்கலாமா?

இளைஞனே! வாங்கும் சம்பளத்துக்கு உழைப்பில் குறை வைக்காதே. உரிமையைக் கேட்கவும் தயங்காதே. தூக்கம் கெட்டு, மனம் பாரமாகி, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மறைக்காதே. மனச்சோர்வு ஈமானின் குறை அல்ல, மருத்துவம் உள்ள நோய். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முதலாளிமார்களே! வரும் ஜும்ஆவுக்குள் உங்கள் கடையில் ஸ்டூல்களைப் போடுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் 'உட்காரப்பா' என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில் வியாபாரத்துக்கு பரக்கத்தும் உண்டு, மறுமையில் கூலியும் உண்டு, இன்ஷா அல்லாஹ்!