"தோட்டத்துப் பிள்ளை" என்னும் பழி



"தோட்டத்துப் பிள்ளைதானே, இவ்வளவுதான் வரும்!"

அண்மையில் ஆசிரியர் அறையில் என் செவியில் விழுந்த சொற்கள் இவை. சொன்னவரும் தமிழாசிரியர்தாம், அவருடைய தாத்தாவும் பால்மரம் சீவியவர்தாம்!

இவ்வளவுதான் வரும் என்று முடிவு செய்தது யார்?

துரையின் பங்களா குன்றின்மேல், கிராணி வீடு சற்றுக் கீழே, லயங்கள் பள்ளத்தில். ஏற்றத்தாழ்வு நிலத்தின் மீதே எழுதப்பட்டிருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். நடந்தது என்ன? பல தோட்டங்களில் கொட்டகையே பள்ளி. கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். கையொப்பமிடத் தெரிந்தால் போதும், லயத்தை விட்டு வெளியேறும் கல்வி வேண்டா என்பதே அதன் உட்பொருள்.

வீடும் வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போனால் கூரையும் போகும். பிறகு எதிர்த்துப் பேசும் துணிவு எங்கிருந்து வரும்? நீலாய், லாபு, சிரம்பான் வட்டாரத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, தலைமுறைகளாக உழைத்த பலருக்கு அம்மண்ணில் ஒரு பிடிகூடச் சொந்தமில்லை.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 'பண்பாட்டு மூலதனம்' என்றொரு கருத்தை முன்வைத்தார். வீட்டில் புத்தகம், படித்தவர் பேச்சு, பழக்கவழக்கம் ஆகியவையும் ஒருவகைச் சொத்து. பள்ளியோ அச்சொத்துக்குத் 'திறமை' என்று பெயர் சூட்டிப் பரிசளிக்கிறது.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஏற்றத்தாழ்வு நீங்கியதா? வண்ணப் படங்களோடு தொகுப்பேடு கேட்கிறோம். அச்சுப்பொறி உள்ள வீட்டுப் பிள்ளை பாராட்டுப் பெறுகிறது. நானும் இத்தவற்றைச் செய்தவன். பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் தானே வரைந்து வந்த மாணவியிடம், "ஒழுங்காகச் செய்" என்றேன். அவள் தலை குனிந்தது இன்றும் என்னை வருத்துகிறது.

ஆசிரியர்களே, இடுபணிகளை வகுப்பறையிலேயே, பள்ளிப் பொருள்களைக் கொண்டே செய்விப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தை வேலை முடிந்த வேளையில் நடத்துவோம். பெற்றோர்களே, பின்வரிசையில் நிற்காதீர்கள், கேள்வி கேளுங்கள்! 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியவர்கள் நம் தொழிலாளர்கள். ஒன்றுபட்டால் நமக்கும் வலிமை உண்டு.

துரை போய்விட்டார், கங்காணியும் போய்விட்டார். அவர்களுடைய பார்வை மட்டும் நம் கண்களில் தங்கிவிடலாமா?

சிந்திப்போம்.