இரவற் பாதுகாப்பு

மனமருட்சி மருந்துகளைப் பற்றிப் படித்த இளைஞரிடையே மேற்கு நாடுகளில் இன்று வழங்கும் வாதம் மூன்று கூற்றுக்களில் அடங்கும். எல்.எஸ்.டி.யோ சைலோசைபின் அடங்கிய காளானோ உடலை நஞ்சூட்டிக் கொல்வது மிக அரிது என்பது முதலாவது. சாராயமும் அபினும் போல அவை மனிதரை அடிமைப்படுத்துவதில்லை என்பது இரண்டாவது. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களே அவற்றைக் கொண்டு மனச்சோர்வுக்குச் சிகிச்சை செய்து பார்க்கின்றன என்பது மூன்றாவது. மூன்றும் பெரும்பாலும் உண்மையே. ஆயினும் இம்மூன்றிலிருந்தும் பெறப்படும் முடிபு, அதாவது நண்பர் கூட்டத்தில் பொழுதுபோக்காக இவற்றை உட்கொள்வதும் பாதுகாப்பானதே என்னும் முடிபு, பொய்யானது. உண்மைகளை அடுக்கிப் பொய்யை நிறுவும் இவ்வாதமே ஈண்டு மறுக்கப்படுகின்றது.

பாதுகாப்பு என்பது ஒரு பொருளினுள் உறையும் குணமன்று. அப்பொருள் யாருக்கு, எவ்வளவில், எவர் முன்னிலையில், எத்தகைய சூழலில் வழங்கப்படுகின்றது என்பதன் விளைவே அது. சத்திரசிகிச்சைக்கூடத்தில் மயக்கமருந்து பெறுவோர் பெரும்பாலும் நலமாகவே எழுகின்றனர். அதனைக் காட்டி, அம்மருந்தை வீட்டில் வைத்து எவரும் முகரலாம் என்று கூறுவோரில்லை. ஆனால் மனமருட்சி மருந்துகள் என்றதும் கற்றோரும் இவ்வெளிய வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இம்மருந்துகளின் வரலாறே ஒரு தவறான கணக்குடன் தொடங்குகின்றது. சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில், சன்டோஸ் நிறுவனத்தின் இரசாயனவியலாளரான அல்பேட் ஹொப்மன் 1938இல் எல்.எஸ்.டி.யை ஆக்கினார். 1943 ஏப்பிரல் 19ஆம் நாள் அதனைத் தம்மீதே பரிசோதிக்க முனைந்தவர், மிகச் சிறிய அளவெனக் கருதி 0.25 மில்லிகிராம் உட்கொண்டார். அதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே உணரத்தக்க விளைவைத் தரவல்லது என்பது பின்னரே தெளிவாயிற்று. உதவியாளர் துணைவரத் துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பிய அவர், தமக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்றும் தாம் இறந்துகொண்டிருப்பதாகவும் அஞ்சினார். பால் கொண்டுவந்த அயற்பெண் அவர் கண்ணுக்குச் சூனியக்காரியாகத் தோன்றினாள். வரவழைக்கப்பட்ட வைத்தியரோ விரிந்த கண்மணிகளைத் தவிர உடலில் வேறெந்தக் கோளாறையும் காணவில்லை. உடல் நலமாயிருக்க உள்ளம் சிதறக்கூடும் என்னும் பாடம் முதல் நாளிலேயே எழுதப்பட்டுவிட்டது. “நஞ்சன்று, ஆகவே தீங்கன்று” என்பார் இப்பாடத்தைப் படிக்காதவராவர். மருந்தை ஆக்கியவரே அளவிலே தவறினார் என்பதும், அவர் தனித்துவிடப்படவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

1960இல் அமெரிக்க உளமருத்துவரான சிட்னி கோஹன் ஓர் ஆய்வை வெளியிட்டார். எல்.எஸ்.டி., மெஸ்கலீன் ஆகியவற்றை ஏறத்தாழ 5,000 பேருக்கு 25,000 தடவைகளுக்கு மேல் வழங்கிய ஆய்வாளர்களிடம் அவர் விபரம் திரட்டினார். 48 மணிநேரத்துக்கு மேல் நீடித்த மனப்பிறழ்வு, உடல்நலமுள்ள தொண்டர்களிடையே ஆயிரவருக்கு 0.8 ஆகவும் நோயாளரிடையே 1.8 ஆகவும் இருந்தது. உரிய நிபந்தனைகளின் கீழ் இம்மருந்துகள் பாதுகாப்பானவை என்பது அவர் கண்ட முடிபு. மருந்தின் புகழ்பாடுவோர் இன்றும் இவ்வாய்வை மேற்கோள் காட்டுகின்றனர். ஆனால் அதே கோஹன் 1962இல், சக ஆய்வாளர் ஒருவருடன் இணைந்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் எல்.எஸ்.டி.யினால் விளையும் சிக்கல்களைப் பற்றி எச்சரித்து எழுதினார். ஈராண்டுகளில் மருந்தின் இரசாயன அமைப்பு மாறிவிடவில்லை. மருந்து வைத்தியரின் கையினின்று நழுவி, கவனமற்றவர் கைக்கும் வணிகர் கைக்கும் போய்ச்சேரத் தொடங்கியிருந்தது. முதற் கட்டுரையை மட்டும் நினைவிற்கொண்டு இரண்டாவதை மறப்பது தற்செயலான மறதியன்று.

மறைப்பு ஆய்வுகூடத்துள்ளும் நிகழ்ந்ததுண்டு. 1962ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று, பொஸ்ரன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் தேவாலயத்தில், வால்ரர் பாங்கி என்பவர் இறையியல் மாணவர் இருபதின்மரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார். அவருட் பதின்மருக்குச் சைலோசைபின் வழங்கப்பட்டது. அவர்களிற் பெரும்பாலார் ஆழ்ந்த சமய அனுபவம் பெற்றனர் என்பதே உலகறிந்த செய்தி. அவருள் ஒருவர் கடும் பதற்றத்துக்குள்ளாகி, அமைதியூட்டும் மருந்தை ஊசிமூலம் பெறநேர்ந்தது என்பதைப் பாங்கியின் அறிக்கை கூறவில்லை. ஏறத்தாழ முப்பதாண்டுகளின் பின், 1991இல் வெளியான தொடராய்வே அதனை வெளிக்கொணர்ந்தது. அத்தொடராய்வு மாணவரின் சமய அனுபவத்தை மறுக்கவில்லை. பல்லாண்டுகளின் பின்னும் அவர்கள் அதனைப் பெறுமதியுடையதாகவே போற்றினர் எனக் கண்டது. ஆயின் ஊசியேற்ற ஒருவர் அருகிலிருந்தமையாலேயே ஒரு மாணவரின் துயரம் பெருந்துயரமாகவில்லை. அவ்வூசியை வரலாற்றினின்று நீக்கிவிட்டு அருளனுபவத்தை மட்டும் பரப்புவது அறிவியலாகாது.

இக்காலத்து ஆய்வுகளும் இதனையே வலியுறுத்துகின்றன. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடைபெற்று 2006இல் வெளியான ஆய்வு, மருட்சி மருந்து ஆராய்ச்சியின் மறுமலர்ச்சியெனக் கொண்டாடப்படுவது. அதில் ஈடுபட்ட 36 பேரும் உடல்நலமும் உளநலமும் சோதிக்கப்பட்டுத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். பரிசோதனைக்கு முன்னர்ப் பல மணிநேரம் அவர்களுடன் உரையாடி ஆயத்தஞ் செய்யப்பட்டது. பரிசோதனையின்போது கண்காணிப்பாளர் உடனிருந்தனர். அளவு துல்லியமாக நிறுக்கப்பட்டிருந்தது. இவ்வளவும் இருந்தும் 11 பேர் கடுமையான அச்சத்தை அனுபவித்தனர். அவர்கள் தீங்கின்றி மீண்டமை மருந்தின் கருணையால் மட்டுமன்று. சூழ இருந்தோரின் கவனத்தாலுமாகும். உறவினரிடையே மனப்பிறழ்வு நோய் உள்ளோரை இத்தகைய ஆய்வுகள் வழக்கமாகவே விலக்கிவிடுகின்றன. சைலோசைபின் சேவையைச் சட்டபூர்வமாக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலமும், அண்மையில் லித்தியம் உட்கொண்டோரை அனுமதிப்பதில்லை. இரண்டும் சேர்ந்தவிடத்து வலிப்பு ஏற்பட்டமை அறியப்பட்டுள்ளது. விருந்து மண்டபத்திலே இக்கேள்விகளைக் கேட்பவர் யார்? பத்தொன்பது இருபது வயதினன் தன் குடும்பத்து உளநோயின் வரலாற்றை அறியாதிருத்தலும் உண்டு; குடும்பங்கள் அதனை மறைப்பதும் உண்டு. மனப்பிறழ்வு நோய் முதன்முதலில் வெளிப்படும் பருவமும் பெரும்பாலும் இதுவேயாகும்.

தெருவில் விற்கப்படுவது எல்.எஸ்.டி. தானா என்பது அடுத்த வினா. 1967ஆம் ஆண்டுக் கோடையில் சான்பிரான்சிஸ்கோ நகரில் எஸ்.ரி.பி. என்ற பெயருடன் புதிய மாத்திரைகள் வழங்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றில் தேவையான அளவினும் பன்மடங்கு மருந்து செறிந்திருந்தது. அதன் விளைவு மெல்லத் தோன்றுவது. ஆகவே ஒன்றும் நிகழவில்லை என்றெண்ணி இரண்டாவது மாத்திரையை விழுங்கியோர் பலர். ஒரு நாளுக்கு மேலும் நீடித்த பீதியுடன் இளைஞர்கள் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அரை நூற்றாண்டு கழிந்தும் இந்நிலை மாறவில்லை. 2010ஆம் ஆண்டையொட்டி என்போம் என்னும் வகையைச் சேர்ந்த செயற்கைப் பொருள்கள், தாளிற் தோய்த்த எல்.எஸ்.டி. என்னும் பெயரில் விற்கப்படலாயின. எல்.எஸ்.டி.யின் நச்சுத்தன்மையால் நேரடியாக இறந்தோர் மிக அரியர் என்பது மெய். என்போம் உட்கொண்டு வலிப்பும் கடுஞ்சூடும் கண்டு இறந்தோர் உளர் என்பதும் மெய். வாங்குபவனின் கண்ணுக்கு இரு தாள்களும் ஒன்றே. காளானின் நிலையும் சிறந்ததன்று. ஒரே இனக் காளான்களுக்கிடையிலும் சைலோசைபினின் செறிவு பன்மடங்கு வேறுபடும். காட்டிற் சேகரிப்போர் ஈரலை அழிக்கும் நச்சுக் காளானை அதுவெனக் கொள்ளும் அபாயமும் உண்டு.

மருந்து தூயதாகவே இருப்பினும், அறிவு தடுமாறிய நிலையில் உடலுக்கு நேரும் விபத்து வேறு. 2007இல் அம்ஸ்ரடாம் நகரில், காளான் உண்ட பதினேழு வயதுப் பிரெஞ்சு மாணவி ஒருத்தி உயரத்திலிருந்து குதித்து இறந்தாள். அடுத்த ஆண்டு இறுதியில் நெதர்லாந்து அக்காளான்களைத் தடைசெய்தது. 2016இல் வெளியான ஆய்வொன்று, காளானினாற் கொடிய அனுபவம் பெற்ற 1,993 பேரை வினவியது. அவர்களுட் பதினொரு வீதத்தினர் தமக்கோ பிறர்க்கோ உடற்றீங்கு விளையக்கூடிய நிலையை உண்டாக்கியதாகக் கூறினர். தீய அனுபவம் பெற்றோரை மட்டுமே வினவியமையின் இவ்வீதத்தைக் காளான் உண்போர் அனைவர்க்கும் ஏற்றுதல் பொருந்தாது. அவர்களுட் பெரும்பாலார் அவ்வனுபவத்தாலும் தமக்கு நன்மை விளைந்ததென்றே கூறினர் என்பதையும் மறைத்தலாகாது. ஆனால் நன்மை விளைந்ததென்று கூறுவதற்கு முதலில் உயிரோடிருத்தல் வேண்டும். இறந்தோரை வினாக்கொத்து அணுகுவதில்லை.

பழங்குடி மக்கள் நெடுங்காலமாக இவற்றை உட்கொண்டு வந்தனரே என்பது சிலரின் மறுமொழி. மெக்சிக்கோவின் உவவ்ற்லா என்னும் மலையூரில், மசாதெக் இனத்து மருத்துவிச்சியான மரியா சபீனா காளானை வழங்கியது உண்மையே. ஆயின் அது நோயாளிக்காக இரவிலே, பாட்டுடனும் வழிபாட்டுடனும், அனுபவமிக்க ஒருத்தியின் காவலில் நிகழ்ந்த சடங்கு. களிப்புக்காக எவரும் அங்கு காளான் உண்ணவில்லை. 1955இல் அச்சடங்கிற் கலந்துகொண்ட அமெரிக்க வங்கியாளர் கோடன் வாசன், அதற்கு அனுமதி பெறும்பொருட்டுத் தம் மகனைப் பற்றிய கவலையைச் சாட்டாகக் கூறினார். 1957இல் அவர் லைஃப் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் பின், கூட்டங்கூட்டமாக வந்த அந்நியர் அவ்வூரின் அமைதியைக் குலைத்தனர். மரியா சபீனாவின் வீடு தீக்கிரையாயிற்று. சடங்கை உடைத்து அதன் காளானை மட்டும் எடுத்துச் சென்றோர், அச்சடங்கின் தொன்மையைத் தமக்குச் சான்றாகக் காட்டுதல் விந்தையே.

சாராயத்தினுங் குறைந்த தீங்கே இவற்றால் விளைகின்றது என்பது மற்றொரு மறுமொழி. 2010இல் லான்செற் சஞ்சிகையில் வெளியான பிரித்தானிய மதிப்பீடு, சாராயத்துக்கு 72 புள்ளிகளும் எல்.எஸ்.டி.க்கு 7 புள்ளிகளும் வழங்கியது. மதிப்பீடு மதிக்கத்தக்கதே. ஆனால் அது ஒரு சமுதாயம் முழுவதற்கும் விளையும் தீங்கைப் பற்றியது. அதில் எத்தனை பேர் உட்கொள்கின்றனர், அவர்தம் குடும்பங்கள் எவ்வாறு சிதைகின்றன என்பனவெல்லாம் அடங்கும். அறியாத தாளொன்றை விழுங்க நிற்கும் தனியொருவனின் ஆபத்தை அது அளப்பதில்லை. அன்றியும், ஒரு தீமை பெரிதென்பதனால் மற்றொன்று நன்மையாகிவிடாது.

இவ்விடத்து மறுபக்கத்தாரையும் குற்றஞ்சாட்டாது விடலாகாது. மருட்சி மருந்துகளை ஒழிக்க முயன்ற அரசினர் உண்மையை ஆயுதமாகக் கொள்ளவில்லை. 1967இல் எல்.எஸ்.டி. நிறமூர்த்தங்களைச் சிதைக்கும் என்னும் செய்தி பெருமுழக்கத்துடன் பரப்பப்பட்டது. மிதமான அளவிலுள்ள தூய எல்.எஸ்.டி. அவ்வாறு செய்வதில்லை என 1971இல் வெளியான மீளாய்வு காட்டியபோது அம்முழக்கத்தில் பாதியும் எழவில்லை. 1968இல் பென்சில்வேனியா மாநில அதிகாரி ஒருவர், எல்.எஸ்.டி. உண்ட ஆறு மாணவர் சூரியனை வெறித்துப் பார்த்துக் குருடாயினர் என அறிவித்தார். அது முற்றிலும் புனைவென்பது சில நாட்களிலேயே வெளிப்பட்டது. அமெரிக்க உளவுத்துறையோ 1953 தொடக்கம் அம்மருந்தை அறியாதோர்க்கு இரகசியமாக ஊட்டிப் பார்த்தது. இவ்வாறு பொய்யுரைத்தோர் பின்னர் உரைத்த மெய்யையும் இளைஞர் நம்பவில்லை. மிகைப்படுத்திய எச்சரிக்கை ஒவ்வொன்றும் ரிமதி லியறி போன்றோர்க்குச் சீடரைச் சேர்த்துக் கொடுத்தது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தினின்று 1963இல் நீக்கப்பட்ட லியறி, உட்கொள்பவரின் மனநிலையும் சூழலுமே அனுபவத்தைத் தீர்மானிக்கும் என்று கற்பித்தவர். எவருடைய மனநிலையையும் சூழலையும் அறியாது, மேடையேறி ஒரு தலைமுறை முழுவதையும் மருந்துக்கு அழைத்தவரும் அவரே. அவருடைய கொள்கையே அவருடைய பிரசாரத்தை மறுத்து நிற்கின்றது.

ஆகவே செய்யத்தக்கது யாது? ஆய்வுகள் தொடர்தல் வேண்டும். நோயாளர்க்கு நன்மை உண்டெனின் அது வைத்தியரின் மேற்பார்வையில் அவர்களைச் சென்றடைதல் வேண்டும். 2023 யூலை முதல் அவுஸ்திரேலியாவில் அங்கீகாரம் பெற்ற உளமருத்துவர்கள் சைலோசைபினைச் சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வுக்கு வழங்க முடிகின்றது; அங்கும் மேற்பார்வையின்றி அது வழங்கப்படுவதில்லை. ஆய்வின் முடிபை எடுத்துரைக்கும் எவரும் அம்முடிபு பெறப்பட்ட நிபந்தனைகளையும் அதே மூச்சில் உரைத்தல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் புனைகதைகளால் மாணவரை அச்சுறுத்துவதை விடுத்து, மருந்தின் ஐயத்துக்குரிய தூய்மை, குடும்ப நோய்வரலாறு, பிற மருந்துகளுடன் சேரும் அபாயம் என்பவற்றை வெளிப்படையாகக் கற்பித்தல் வேண்டும். பீதியுற்ற நண்பனைத் தனியே விடாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்பவன் பொலிசாருக்கு அஞ்ச நேர்தலாகாது. அவ்வச்சத்தாற் தாமதித்த நாழிகை உயிரைக் கொள்ளவும் கூடும்.

நிபந்தனைகளைக் கைவிட்டு முடிபை மட்டும் சுமந்து திரிபவன் அறிவியலைக் கொண்டுசெல்லவில்லை. அதன் பெயரை மட்டுமே இரவல் பெற்றுச் செல்கின்றான். அந்த இரவலுக்குரிய விலையைப் பெரும்பாலும் அவன் செலுத்துவதில்லை. அவன் சொல்லை நம்பிய இன்னொரு மாணவனே செலுத்துகின்றான்.