கிள்ளிவிட்டுத் தொட்டில் ஆட்டுகிறார்கள்

‘வேலையில் எரிந்து தீர்ந்துபோகும் பர்ன்அவுட் வராமல் இருப்பது எப்படி?’ என்று ஆபீசில் வகுப்பு நடத்துகிறார்கள். நல்ல விஷயம்தானே என்பீர்கள். நேரத்தைக் கேளுங்கள்: வேலையெல்லாம் முடிந்த பிறகு, இரவு ஏழரை மணிக்கு. கட்டாயம் வர வேண்டும். கேமரா ஆனில் இருக்க வேண்டும். ‘மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்’ என்கிறார் பயிற்சியாளர். இழுத்த மூச்சை விடுவதற்குள் மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப்: ‘அந்த ரிப்போர்ட் இன்னைக்கே வந்துடுமா?’

இதை யாரிடமாவது சொன்னால், ‘நீங்க டைம் மேனேஜ்மென்ட் கத்துக்கணும்’ என்று நமக்கே புத்திமதி வருகிறது. சீக்கிரம் தூங்கு, நடைப்பயிற்சி போ, போனைத் தள்ளி வை. எல்லாம் நாம் செய்ய வேண்டியவை. நிர்வாகம் செய்ய வேண்டியது என்று ஒன்றுமே கிடையாதா?

எரிச்சல் எங்கே வருகிறது தெரியுமா? ‘பர்ன்அவுட்’ என்ற சொல் பிறந்ததே வேறு காரணத்துக்காக. முதலில் அது இயந்திரத்தைப் பற்றிய பேச்சு. ராக்கெட்டில் எரிபொருள் தீர்ந்து எஞ்சின் அணைந்தால் பர்ன்அவுட். பிறகு, போதைமருந்தால் உருக்குலைந்தவர்களைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக அமெரிக்காவில் புழங்கியது. நியூயார்க்கில் அப்படிப்பட்டவர்களுக்கு இலவச மருத்துவமனையில் சிகிச்சை தந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், 1974-இல் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லை எடுத்து அங்கே வேலை பார்த்தவர்களுக்கே சூட்டினார். தீராத அசதி, விடாத சளி, தலைவலி, வயிற்றுக்கோளாறு, தூக்கமின்மை, சுள்ளென்று வரும் கோபம் என்று அவர் அடுக்கிய அறிகுறிகளைப் படித்தால், நம் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். இன்னொன்றும் சொன்னார்: இது சோம்பேறிகளுக்கு வருவதில்லை, அர்ப்பணிப்போடு உழைப்பவர்களுக்குத்தான் வருகிறது. டைம் மேனேஜ்மென்ட் போதிக்கிறவர்கள் இந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவருக்கும் பத்துப் பதினைந்து வருடம் முன்பே கிரகாம் கிரீன் என்ற ஆங்கில எழுத்தாளர் ‘எ பர்ன்ட்-அவுட் கேஸ்’ என்று ஒரு நாவல் எழுதினார். காங்கோவில் ஒரு தொழுநோய் இல்லத்தில் நடக்கும் கதை. நோய் அடங்கிவிட்டாலும் அது தின்ற விரல்களைத் திரும்பப் பெற முடியாத நோயாளிகளுக்கு அங்கே வழங்கிய பெயர்தான் அந்தத் தலைப்பு. ‘ரெண்டு நாள் லீவு போட்டா சரியாயிடும்’ என்று தோளில் தட்டுகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

ஃப்ராய்டன்பெர்கருக்குப் பின் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் வந்தார். 1981-இல் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து பர்ன்அவுட்டை அளக்க ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். 1997-இல் மைக்கேல் லைட்டருடன் எழுதிய புத்தகத்தில் ஆறு காரணங்களைச் சொன்னார்: தாங்க முடியாத வேலைப்பளு, தன் வேலையில் தனக்கே அதிகாரமில்லாமை, உழைப்புக்கேற்ற பலன் இல்லாமை, சக ஊழியர்களிடையே ஒட்டுறவு அறுந்துபோவது, பாரபட்சம், மனசாட்சிக்கு ஒவ்வாத வேலை. ஆறையும் திரும்பப் படியுங்கள். இதில் எதை மூச்சுப்பயிற்சி சரிசெய்யும்?

உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை. வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் சொன்னது. பணியிடத்தில் நாள்பட்டு நீடித்து, சரியாகக் கையாளப்படாத மன அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. வாழ்க்கையின் மற்ற அலுப்புகளுக்கெல்லாம் இந்தப் பெயரை வைக்காதீர்கள் என்றும் சேர்த்தே சொன்னது.

நாம் கேட்டோமா? தீபாவளிக்குத் துணிக்கடை ஏறி இறங்கினால் பர்ன்அவுட். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் பர்ன்அவுட். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் வருகிற சமாசாரம் என்று ஆகிவிட்டால், அதற்கு யார் பொறுப்பு என்று கேட்க முடியுமா? முதலாளிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்! வேலையைக் குற்றம் சொல்ல வந்த சொல், இன்று வேலை செய்கிறவனைக் குற்றம் சொல்கிறது. பிள்ளையைக் கிள்ளிவிட்டவர்களே தொட்டிலையும் ஆட்டிவிட்டு, நன்றாக ஆட்டினோமா என்று ஃபீட்பேக் படிவம் வேறு அனுப்புகிறார்கள்.

ஐயா, எங்களுக்கு வகுப்பு வேண்டாம். வேலையை விட்டுப் போனவரின் இடத்துக்கு ஆள் போடுங்கள். அவர் வேலையையும் சேர்த்து இருக்கிறவர் தலையில் கட்டாதீர்கள். ஆறு மணிக்கு மேல் மெசேஜ் அனுப்பாதீர்கள். லீவு கேட்டால் காரணம் கேட்காமல் கொடுங்கள். மூச்சை நாங்களே விட்டுக்கொள்கிறோம்.