சர்வர் நின்றால் கதவு திறக்குமா?

உத்திரமேரூர் பக்கம் அரிசி ஆலை, பள்ளி, கிடங்கு வைத்திருப்பவர்கள் கதவுக்குக் கார்டு பூட்டு போட நினைத்தால், என்னிடம் முதலில் கேட்பது "சர்வர் என்ன விலை ஆகும் சார்?" என்பதுதான். என்னைக் கேட்டால், விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு. சர்வர் நின்றுவிட்டால் கதவு திறக்குமா?

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் நெட்வொர்க் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. அடையாள அட்டை வேலை செய்யாததால் ஊழியர்கள் சிலர் அலுவலகத்துக்குள் நுழைய முடியவில்லை என்று அப்போது செய்தி வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி!

நல்ல அமைப்பில் கார்டு ரீடர் எண்ணை மட்டும் படிக்கும். கதவுக்கு உட்புறம் இருக்கும் கண்ட்ரோலர் என்ற போர்டு, தன் மெமரியில் உள்ள பட்டியலில் அந்த எண்ணைத் தேடிப் பூட்டைத் திறக்கும். பட்டியலைத் தயாரித்து அனுப்புவதும், யார் எப்போது வந்தார் என்று பதிவதும்தான் சர்வரின் வேலை. உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. குடவோலையில் யார் பெயர் எழுதலாம், யார் பெயர் கூடாது என்ற விதிகளை முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். விதியைக் கேட்கத் தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை.

ஒவ்வொரு கார்டுக்கும் சர்வரைக் கேட்கும் மலிவு வகைகளை வாங்காதீர்கள். ரீடரும் ரிலேயும் ஒரே பெட்டியாகக் கதவுக்கு வெளியே இருப்பதும் வேண்டாம். பெட்டியைக் கழற்றி இரண்டு ஒயர்களைச் சேர்த்தால் கதவு திறந்துவிடும்.

நான்கைந்து கதவுகளுக்குச் சாதாரண கம்ப்யூட்டரே சர்வராகப் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரே தகவல் இரண்டிலும் பதியும்படி இரண்டு ஹார்டு டிஸ்க், ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். பிள்ளைகள் கேம் ஆட வேறு கம்ப்யூட்டர் கொடுங்கள்!

காந்தப் பூட்டு கரண்ட் இருந்தால்தான் கதவைப் பிடித்திருக்கும். பேட்டரியும் தீர்ந்தால் கதவு தானே விடுபடும். "திருடனுக்கு வசதியாகிவிடுமே" என்று சிலர் தயங்குகிறார்கள். பணப்பெட்டி அறைக்கு அந்தத் தயக்கம் சரி. வகுப்பறைக்குச் சரியல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஆட்கள் இருக்கும் அறையிலிருந்து வெளியே வரக் கார்டே தேவைப்படக் கூடாது.

டெமோ காட்ட வருபவர் முன்னால் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் காட்டுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றச் சொல்லி, உள்ளே நின்று கதவைத் தள்ளிப் பாருங்கள். பில்லுக்குப் பணம் அதற்கப்புறம் கொடுக்கலாம்.