தோல்வி அறியாத டாக்டர்

வெற்றி மேல் வெற்றி வந்து குவியும்போது விளையாட்டை விட்டு விலக யாருக்கு மனம் வரும்? கைதட்டலின் ருசி அப்படிப்பட்டது. ஆனால், அமெரிக்க பாட்மிண்டன் வீரர் டேவிட் ஃப்ரீமன் அதைச் செய்து காட்டினார்.

கலிபோர்னியாவிலுள்ள பாஸடீனாவைச் சேர்ந்தவர் ஃப்ரீமன். 1938ல் டென்னிஸில் தேசிய ஜூனியர் சாம்பியன். மறு ஆண்டே பாட்மிண்டனில் அமெரிக்காவின் ஸிங்கிள்ஸ் சாம்பியன்! அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

1942 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்தப் பட்டம் அவரிடமே இருந்தது. பிறகு யுத்தம் குறுக்கிட்டது. நான்கு ஆண்டுகள் தேசியப் போட்டியே நடக்கவில்லை. 1947ல் மீண்டும் நடந்தது, வென்றவர் ஃப்ரீமன். 1948லும் அவரே.

இத்தனைக்கும் அவருக்கு ஆட்டம் ஒன்றே வேலையாக இருக்கவில்லை. ஹார்வர்டில் வைத்தியம் படித்து டாக்டரானவர் அவர்.

உச்சியில் ஒரு முடிவு

1949ல் முதன்முறையாகத் தாமஸ் கோப்பைப் போட்டி நடந்தது. அமெரிக்கா 3-6 என்ற கணக்கில் மலாயாவிடம் தோற்றது. ஆனால் ஸிங்கிள்ஸில் ஃப்ரீமனை யாரும் அசைக்க முடியவில்லை. அதே ஆண்டு ஆல் இங்கிலாந்து போட்டியின் இறுதி ஆட்டத்தில் மலாயாவின் ஊய் டெய்க் ஹாக்கை 15-1, 15-6 என்று எளிதாக வென்றார். உலக சாம்பியன் போட்டி இல்லாத அந்நாளில், ஆல் இங்கிலாந்து பட்டமே உலகப் பட்டமாக மதிக்கப்பட்டது. ஆண்கள் ஸிங்கிள்ஸில் அதை வென்ற ஒரே அமெரிக்கர் இன்றுவரை அவர்தான்.

அந்த உச்சியிலேயே அவர் மட்டையைக் கீழே வைத்தார். மூளை ரண சிகிச்சை நிபுணராவதே அவர் குறிக்கோள். 1953ல் ஒரு முறை திரும்பி வந்தார். ஏழாவது முறையாகத் தேசியப் பட்டத்தை வென்றார். மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார்!

நஷ்டமா, லாபமா?

'இன்னும் பல ஆண்டுகள் ஆடியிருந்தால் எத்தனை கோப்பைகள் வென்றிருப்பார்!' என்று விளையாட்டு ரசிகர்கள் அங்கலாய்க்கலாம். ஆனால் அவர் கையால் உயிர் பிழைத்த நோயாளியிடம் கேட்டால் என்ன சொல்வார்?

ஒன்றை மறக்கக் கூடாது. அந்நாளில் பாட்மிண்டன் அமெச்சூர் ஆட்டம். ஜெயித்தாலும் பணம் கிடையாது. படிப்பும் வேறு வருமானமும் உள்ளவர்களுக்கு அது பெருமை. ஏழை வீரனுக்கோ அதுவே தடைச்சுவர். 1980ல் ஆல் இங்கிலாந்து போட்டி தொழில்முறை வீரர்களுக்கும் திறந்துவிடப்பட்டது நியாயமே. வியர்வைக்குக் கூலி வேண்டாமா?

ஆனால் கூலி வந்தபோது வேறொரு ஆபத்தும் வந்தது. பத்து வயதிலேயே பையனின் கையில் மட்டையைக் கொடுத்து, புத்தகத்தைப் பிடுங்கிவிடும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். கோப்பை வாங்குகிறவர் ஒருவர். வெறுங்கையுடன் திரும்புகிறவர்கள் நூறு பேர். முப்பது வயதில் கால்கள் தளரும்போது அந்த நூறு பேருக்கும் கதி என்ன?

ஃப்ரீமனுக்கு அந்தக் கவலை இல்லை. ஆட்டத்துக்கு அப்பால் அவருக்கு ஒரு வாழ்வு காத்திருந்தது. ஆடும் பிள்ளைக்குப் பந்தயத்தில் ஜெயிக்கக் கற்றுக்கொடுக்கலாம். பந்தயம் முடிந்த பிறகு வாழவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.