காயம் ஆறாத சாமி

"நீங்க இன்னுமா சர்ச்சுக்குப் போறீங்க அண்ணே?"

மேலூர்ப் பக்கம் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒரு மாணவத் தோழர் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மழுப்பியது தப்பு. பதிலை இங்கே எழுதுகிறேன்.

தோழர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணச் சந்நியாசிக் கோலம் பூண்டு, பிராமணச் சமையல்காரர் கையால் உண்டு, வேதம் போதித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூலைக் கழற்ற வேண்டியதில்லை என்று 1623இல் போப்பாண்டவரும் அனுமதி தந்தார். பூணூல் உள்ளே வந்த சபையில் சேரி எங்கே உட்காரும்? பல ஊர்களில் நமக்குத் தனி வரிசை, தனிக் கல்லறை. செத்தும் சேரிதான்.

அரசும் லேசுப்பட்டதல்ல. பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தது. கிறிஸ்தவ தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் திறக்கவில்லை. பட்டியல் சாதி அந்தஸ்தை மதத்தோடு முடிச்சுப் போடாதே என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொல்லியும் பயனில்லை. என் சான்றிதழில் நான் பி.சி. ஊர்க்காரன் வாயில் இன்னும் அதே பழைய பெயர்தான்.

அப்புறம் எதற்கு இந்த விசுவாசம்?

சாவு வீட்டில் போதகர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: இங்கே பாடு, அங்கே பலன். அந்தப் பரலோகம் எனக்கும் வேண்டாம். கூலியைக் குறைத்துவிட்டு மிச்சத்தை மேலே போய் வாங்கிக்கோ என்பது பண்ணையார் கணக்கு. பாங்கு குமாஸ்தா நான். தேதி போடாத செக்கைக் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாச்சி நம்பியது வேறு. காலண்டரில் உயிர்த்தெழுந்த ஏசுவைக் காட்டி, "உசுரு வந்துருச்சு, ஆணி அடிச்ச ஓட்டை மூடல பாரு" என்று சொல்லும். யோவான் சுவிசேஷமும் அதைத்தான் சொல்கிறது. எழுந்து வந்தவர் தோமாவிடம் காட்டியது தன் காயங்களை. ரோமப் பேரரசு அடிமைகளையும் கலகக்காரர்களையும் ஊர் பார்க்கச் சிலுவையில் அறைந்தது. அப்படிக் கொல்லப்பட்ட ஒருவன் காயத்தோடேயே எழுந்து நின்று, கொன்றவன் எழுதிய தீர்ப்பு கடைசித் தீர்ப்பில்லை என்கிறான். என் விசுவாசம் இவ்வளவுதான். காயத்தை மறக்கச் சொல்லாத நம்பிக்கை இது.

இதே மதுரையில், அரசரடி இறையியல் கல்லூரியில், இந்த நம்பிக்கைக்கு நம்ம சனத்தின் பாஷையைக் கொடுத்தவர் 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை அண்ணன். தீட்டு என்று தள்ளிய பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 'ஓர் உலை' என்றார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்னாமல் திருவிருந்து ஏது? நொபிலியின் தனிச் சமையலுக்குக் கிட்டத்தட்ட நானூறு வருஷம் கழித்துக் கிடைத்த பதில் அது.

டீக்கடையிலிருந்து மேலவளவு தூரமில்லை. அங்கே 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019இல் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. ஆனாலும் வருஷா வருஷம் ஜூன் 30இல் சனம் அந்த நினைவிடத்தில் கூடுகிறது. அது கிறிஸ்தவக் கூட்டமில்லை. ஜெபமில்லை, பைபிளில்லை. ஆனால் காயத்தைக் காட்டிக்கொண்டே எழுந்து நிற்கிறார்கள். என் அம்மாச்சியின் சாமியை நான் அங்கே பார்க்கிறேன்.

ஆமா தம்பி, சர்ச்சுக்குப் போறேன். கும்பிடவும் போறேன், தனி வரிசையை உடைக்கவும் போறேன். நீங்க வர வேண்டாம். ஜூன் 30இல் மேலவளவில் பார்ப்போம்.