50 டப்பாவைத் தேடுறதுதான் துப்பறிவா?

2011-ல் ராக்ஸ்டார் வெளியிட்ட 'எல்.ஏ. நொயர்' கேமில், 1947-ன் லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்கச் சுற்றலாம். சாட்சியின் முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கணும். அதுக்காக நடிகர்களின் முகத்தை 32 கேமராக்களில் படம்பிடித்தார்கள். செம உழைப்பு!

ஆனா எல்லா அச்சீவ்மென்ட்டும் வேணும்னா 50 தங்க ஃபிலிம் டப்பாக்களைத் தேடணும், 95 வண்டிகளையும் ஓட்டணும். ஒரே வழக்கில் 47,000 டாலர் அபராதம் ஏறுற அளவுக்கு நாசமும் பண்ணணும், அதுவும் போலீஸ்காரரே!

வேலை முடிஞ்சு செய்யூருக்கு பஸ் ஏறி வந்து, ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடுறவருக்கு இது எதுக்கு? யூடியூப் பார்த்து டப்பா பொறுக்குவதில் துப்பறிய ஒண்ணுமில்லை. 40 தெருக் குற்றங்களை மட்டும் விட்டுடாதீங்க. ரேடியோவில் அழைப்பு வந்தா வண்டியைத் திருப்புங்க.